இன்றைய வார்த்தை

கமலவேணிக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெட்டியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பது. காஜா பேராங்கில் ரப்பர் தோட்டக் கம்பெனியின் ஸ்டோர் மாடியில்தான் வயர்லெஸ் அறை. கீழே புகை போட்ட ஷீட்டுகளின் நாற்றம், மேலே தகரக் கூரையின் வெக்கை, நடுவில் இவள். கால் கட்டைவிரலால் மேசைக் காலைத் தட்டித் தட்டியே அந்த இடத்தில் பெயிண்ட் போய்விட்டது.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். கோப்பிக் கடைகளில் இந்த நாட்டுக்கும் சுதந்திரம் வரும் என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். ஜாசினுக்கு அப்பால் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை மட்டும் ஓயவில்லை. தோட்டங்களுக்குப் போன் கம்பி போட்டால் காட்டுக்காரர்கள் அறுத்துவிடுகிறார்கள் என்று கம்பெனி ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வயர்லெஸ் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தது. கம்பியே இல்லாத இந்தச் சமாசாரத்துக்கு எல்லாரும் ‘லைன்’ என்றுதான் பேர் வைத்திருந்தார்கள். லைனில் சேர வேண்டுமென்றால் முதலில் அன்றைய வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொன்னால் கமலவேணி “வார்த்தை சரி” என்பாள். அதற்குப் பிறகு அரிசி கேட்கலாம், லாரி கேட்கலாம், ஆம்புலன்ஸ் கேட்கலாம். சொல்லாதவர்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கெடுபிடி சும்மா வந்ததல்ல. போன வருஷம் ஒரு பெண் குரல் லைனில் வந்து, பிள்ளைத்தாய்ச்சி துடிக்கிறாள் என்று அழுதது. ஆம்புலன்ஸ் போயிற்று. பாதி வழியில் மறித்து வண்டியையும் டிரைவர் கலியாணசுந்தரத்தையும் சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். குரல் வந்தது கம்பெனிப் பெட்டியிலிருந்தே இல்லை, யுத்தத்தில் ஜப்பான்காரன் விட்டுப்போன ஏதோ பழைய பெட்டி என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கலியாணசுந்தரம், கம்பெனியின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி மீனாட்சிசுந்தரத்தின் மைத்துனர். சீட்டில் கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பியதும் பெரிய கிராணிதான். அன்றிலிருந்து வார்த்தை இல்லாமல் அவர் ஒரு சைக்கிளைக்கூட வெளியே விடுவதில்லை.

முதலில் வார்த்தைகள் இங்கிலீஷில் இருந்தன. தோட்டத்து ஆட்கள் வாயில் அவை பட்ட பாட்டைப் பார்த்து, பெரிய கிராணியே தமிழுக்கு மாற்றினார். அதற்கும் மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை. சம்பளப் பட்டியலை விரித்துக் கண்ணை மூடி விரலை வைப்பார். எந்தப் பேரின் மேல் விரல் விழுகிறதோ அதுதான் ஒரு நாளைய வார்த்தை. ஆள் யார், எந்தத் தோட்டம் என்று பார்ப்பதே இல்லை. வாரத்துக்கான வார்த்தைகள் ஒட்டிய உறையில் அரிசி லாரியோடு தோட்டங்களுக்குப் போய்விடும்.

அன்றைக்கு மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. காற்றில் ஸ்டோர் கூரையே ஆடியது. பக்கத்துக் குடியிருப்பான சிட்டிக் கம்பத்துக் கோயில் பக்கம் ஒரு மரம் சாய்ந்த சத்தம் கேட்டது. கமலவேணி ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் பெட்டி இரைந்தது.

“யாராச்சும் இருக்கீங்களா? ஆறாம் நம்பர் தோட்டத்துலேருந்து பேசுறேன். டிரஸ்ஸர் வீட்டம்மா. இவருக்கு ரொம்ப முடியல. வண்டி அனுப்புங்க.”

பெண் குரல். கமலவேணி நாற்காலிக்கு ஓடி வந்தாள். பொத்தானை அழுத்தி, “இன்றைய வார்த்தை?” என்று கேட்டாள்.

பெட்டியில் இரைச்சல் மட்டும். மறுபடி அழுத்தினாள்.

“ஆறாம் நம்பர், இன்றைய வார்த்தையைச் சொல்லுங்க.”

“அத நான் சொல்ல முடியாதும்மா.”

“தாள் இல்லையா?”

“கையிலதான் இருக்கு.”

“படிக்கத் தெரியாதா?”

“தெரியும். தமிழ் நல்லாப் படிப்பேன்.”

“பெறகு என்ன? படிங்க!”

மறுபடி இரைச்சல்தான். கமலவேணிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. தாள் இருக்கிறது, படிக்கவும் தெரியும், ஆனால் சொல்ல மாட்டாளாம். இது என்ன விளையாட்டு? “வார்த்தை சொல்லாம லைன்ல பேசக் கூடாது” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டாள். விட்ட கையோடு எழுந்து நடந்தாள். ஏமாற்றுக்காரியாக இருந்தால்? இல்லாவிட்டால்? இரண்டில் எது என்று தெரியாமல் அவளால் ஜன்னலிலும் நிற்க முடியவில்லை, நாற்காலியிலும் உட்கார முடியவில்லை.

“ஏன் தங்கச்சி பொம்பளையப் போட்டு வெரட்டுற?” என்று கேட்டுக்கொண்டே கோப்பித் தட்டோடு வந்தாள் பொன்னம்மா. ஸ்டோரைக் கூட்டுவதும் கோப்பி கலக்குவதும் அவள் வேலை. ஊர் வம்பெல்லாம் அவளிடம் வந்துதான் இளைப்பாறும்.

“வார்த்தையச் சொல்ல மாட்டேங்குறா, பொன்னம்மாக்கா. கையில வச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டேங்குறா.”

“அப்படி என்ன வார்த்தை அது?”

வெளியாளிடம் சொல்லக் கூடாதுதான். ஆத்திரத்தில் எதிரே இருந்த தாளை எடுத்து நீட்டினாள். அன்றைய தேதிக்கு நேராக ‘நல்லையா’ என்றிருந்தது.

பொன்னம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். தட்டைக் கீழே வைத்தாள். “அடிப்பாவி, டிரஸ்ஸரு பேரே நல்லையாதானே! புருசன் பேர எப்படிச் சொல்லுவா?”

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் அந்த டிரஸ்ஸரின் குரலைக் கமலவேணி ஒரு வருஷமாக லைனில் கேட்டவள். “ஆறாம் நம்பர் டிரஸ்ஸர்” என்பார், மருந்து கேட்பார், போய்விடுவார். அவருக்கு ஒரு பேர் இருக்கும் என்றே அவள் நினைத்ததில்லை. அடையாள அட்டை எடுக்கப் போனபோது நடந்ததுதான் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அதிகாரி புருஷன் பேரைக் கேட்க, அம்மா வாயைத் திறக்காமல் கமலவேணியின் விலாவில் இடித்து இடித்துச் சொல்ல வைத்தாள். தெங்கேராவிலுள்ள அவள் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை நாள் சிரித்தார்கள்! இப்போது சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

“ஆறாம் நம்பர், இருக்கீங்களா? அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் பேருதானா அது?”

“ஆமாம்மா.” குரல் உடைந்தது. “காத்துல ஆஸ்பத்திரிக் கூரைத் தகரம் பறந்து வந்து தொடையைக் கிழிச்சிருச்சு. இவரே துணியக் கட்டுனாரு. பொத்தான எப்படி அமுக்கணும்னு காட்டிக் குடுத்தாரு. தாளு டிராயர்ல இருக்குன்னாரு. அதுக்கு மேல பேசல. நான் தாள எடுத்துப் பாத்தா…”

“பக்கத்துல யாராச்சும் இருந்தா சொல்லச் சொல்லுங்க.”

“யாருமில்லையே. தொரை லீவுல போயிருக்காரு, கிராணி தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டாரு. ஆளுங்க இருக்குற லயத்துக்கும் எங்களுக்கும் நடுவுல ஓடை பெருகிப் போச்சு. கூப்பிட்டாக் கேக்காது.”

“அப்ப நீங்களே சொல்லிடுங்க அக்கா. ஒரே ஒரு தடவை. ஆபத்துக்குத்தானே.”

“மாட்டேன்.” அழுகை நின்று குரல் கெட்டியாகிவிட்டது. “சொன்னா இவரு ஆயுசு கொறையும். மத்த நாளா இருந்தாலும் பரவால்ல. இன்னைக்கு இருக்குறதே கொஞ்சம். என் வாயால அதையும் எடுக்க மாட்டேன்.”

பைத்தியக்காரத்தனம் என்று கமலவேணிக்குப் பட்டது. அதே சமயம், அந்த இடத்தில் தானிருந்தால் சொல்லியிருப்போமா என்று யோசித்தபோது உறுதியாக ஒன்றும் தோன்றவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கீழே ஓடினாள். பெரிய கிராணி மேசையில் இருந்தார். வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர் அப்பாசாமி, மாடியில் நடந்த பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் கிராணி தலையை ஆட்டினார்.

“வார்த்தை வரலையே.”

“வந்த மாதிரிதானே ஐயா! தாள்ல இருக்கிறது அவர் பேருன்னு சொல்றாங்களே.”

“நீ கேட்டே, அவ ஆமான்னா. நீ மாமனார் பேரான்னு கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பா.”

கமலவேணி நடந்ததை நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். அவசரத்தில் இவளேதான் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

“போன தடவையும் பொம்பளதான் அழுதா,” என்றார் கிராணி, யாரையும் பார்க்காமல். “நானும் எரக்கப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். இந்த அப்பாசாமிக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“நான் போறேங்கய்யா,” என்றான் அப்பாசாமி.

“நீ போவே. அவனும் அப்படித்தான் போனான்.”

அந்த மனுஷரைத் திட்டவும் முடியவில்லை. கமலவேணி மாடிக்குத் திரும்பினாள். சுவரில் லைன் விதிகள் இங்கிலீஷில் ஒட்டியிருந்தன. சலிப்பில் பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம். வார்த்தை சொல்ல முடியாத நிலையம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள அதில் வழி இல்லாமல் இல்லை. ஏற்கெனவே லைனில் இருக்கும் இன்னொரு தோட்டம், “இந்தக் குரலை எனக்குத் தெரியும்” என்று பொறுப்பேற்றால் போதும். ஆறாம் நம்பருக்கு அடுத்தது ஏழாம் நம்பர். அங்கே கிராணி அண்ணாமலை.

“ஏழாம் நம்பர், நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? அது டிரஸ்ஸர் வீட்டம்மா குரல்தானே? சொல்லுங்கண்ணே.”

“கேட்டுக்கிட்டுத்தாம்மா இருந்தேன். நெஞ்சே ஆறல.” அண்ணாமலை தயங்கினார். “ஆனா அந்தம்மா ஆம்பளைங்ககிட்ட நின்னு பேசாது. திருவிழாவுல தூரத்துல பாத்திருக்கேன், கொரலக் கேட்டதில்ல. பொய் சொல்லச் சொல்றியா?”

சொல்லத்தான் ஆசை. “வேண்டாம்ணே,” என்றாள்.

இன்னொன்று தோன்றியது. “அக்கா, அந்த வாய்க் குழலை அவர்கிட்ட கொண்டுபோங்க. அவரே ஒரு தடவை சொல்லட்டும். அவர் குரல் எங்க எல்லாருக்கும் தெரியும்.”

இழுபடும் சத்தம். பிறகு மூச்சு. மேலும் கீழுமாக, ஒழுங்கில்லாமல் போய் வரும் மூச்சு மட்டும். பின்னால் அவள் கெஞ்சுவது கேட்டது: “இந்தாங்க, ஒங்க பேரச் சொல்லுங்க. இந்தாங்க…” அதற்கும் மூச்சுதான் வந்தது. பொன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கமலவேணி சுவரின் முன் போய் நின்றாள். கடைசி விதி. யாரும் பயன்படுத்தாததால் அவளே மறந்துபோயிருந்தாள். ஒவ்வொரு கம்பெனிப் பெட்டிக்குள்ளும் இரண்டு கிறிஸ்டல் உண்டு. விரல்நுனி அளவு உலோகச் சிமிழ்; எதைச் செருகுகிறோமோ அந்த அலையில்தான் பெட்டி பேசும். அன்றாடத்துக்கு வெள்ளைப் புள்ளி வைத்தது. சிவப்புப் புள்ளி வைத்தது பெட்டியிலேயே பூட்டிய ஒரு சின்ன அறையில் சும்மா கிடக்கும். சிவப்பில் பேசுகிறவர் கம்பெனிப் பெட்டியின் முன்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு பெட்டியால் அது முடியாது. பெரிய கிராணி சம்மதித்தால் அப்படி வருகிறவரை வார்த்தை கேட்காமலே சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய கிராணியே மேலே வந்துவிட்டிருந்தார். கீழே உட்கார அவருக்கும் முடியவில்லை போலும். அவள் சொன்னதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்தார். “பெட்டியையே பிடிச்சு வச்சிருந்தா?”

“பெட்டியப் பிடிச்சவன் கையில தாளும் இருக்குமேய்யா. அவனுக்கென்ன, வார்த்தைய அழகாச் சொல்லிட்டு வண்டிய வாங்கிட்டுப் போயிருப்பானே. சொல்ல மாட்டேன்னு இப்படி அடம் பிடிக்க அந்த டிரஸ்ஸர் பொண்டாட்டியால மட்டுந்தான் முடியும்!”

கிராணி அவளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். “சிவப்புல வரட்டும்,” என்றார்.

“அக்கா, நல்லாக் கேளுங்க. பெட்டியோட இடது பக்கம் சின்னக் கதவு இருக்கு. சாவி அவர் இடுப்புல இருக்கும். ரெண்டு சிமிழும் அந்தக் கதவுக்குள்ளதான். சுவிட்ச மேல தள்ளினாப் பெட்டி அணைஞ்சிடும், பயப்படாதீங்க. வெள்ளைப் புள்ளிய நேரா இழுத்து எடுத்துட்டு, சிவப்புப் புள்ளிய அதே ஓட்டையில அமுக்குங்க. சுவிட்சக் கீழ இறக்கிட்டுப் பேசுங்க. என் குரல் கொஞ்ச நேரம் ஒங்களுக்குக் கேக்காது. நான் இங்கதான் இருப்பேன்.”

“சரிம்மா. கையெல்லாம் ஈரமா இருக்கு, தொடச்சுக்கிறேன்.” என்ன ஈரம் என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டி அமைதியானது. கமலவேணி குமிழைத் திருப்பிச் சிவப்பு அலையில் வைத்தாள். மழையில் கரகரவென்ற இரைச்சல். கிறிஸ்டல் கீழே விழுந்து உருண்டிருந்தால்? கால் வளைந்திருந்தால்? வெள்ளையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் அந்தப் பெண் இப்போது எந்த லைனிலும் இல்லை. அவளுக்கு ஒன்றென்றால் இங்கே யாருக்கும் தெரியாது. கமலவேணி நகத்தைக் கடித்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். கிராணி அறையின் குறுக்கே நடந்தார். இருவரும் ஒரு தடவை மோதிக்கொண்டார்கள். வாசலில் அப்பாசாமி எஞ்சினைப் போட்டுவிட்டிருந்தான். அதை அணை என்று சொல்ல யாருக்கும் மனமில்லை.

“கேக்குதாம்மா?”

இரைச்சலே இல்லாமல், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிவாக வந்தது குரல். கமலவேணி துள்ளிவிட்டாள். “கேக்குது! கேக்குதக்கா! லைன்ல சேந்துட்டீங்க!” கிராணி நின்றபடியே சீட்டில் கையெழுத்துப் போட்டார். பொன்னம்மா சீட்டைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினாள். வண்டி மழைக்குள் பாய்ந்தது.

இனிமேல்தான் நிஜமான காத்திருப்பு. கமலவேணி குமிழை வெள்ளைக்கும் சிவப்புக்கும் திருப்பிக்கொண்டே இருந்தாள். வெள்ளையில் அண்ணாமலை, தோட்டத்து வாசலில் ஆள் நிறுத்தி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பில் அவள்.

“அக்கா, ஒங்க பேரென்ன?”

“சாரதாம்பாள்.”

“வண்டி ஜாசின் வந்துரும் இப்ப. அவருக்குப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க.”

“குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தங்கச்சி. துணி நனைஞ்சுக்கிட்டே இருக்கு. கொஞ்சம் முன்ன கண்ணத் தெறந்து பாத்தாரு. எல்லாருக்கும் கட்டுப் போட்ட மனுசன், தனக்குப் போட்ட கட்டு நிக்கலையே.” பிறகு கூச்சத்தோடு சொன்னாள்: “நான் சொல்லலைன்னு நீ கோவப்பட்டல்ல? எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. தாளப் பாத்ததும் வாய் வரைக்கும் வந்துருச்சு, தெரியுமா? முழுங்கிட்டேன்.”

கமலவேணிக்கு, முதலில் வெடுக்கென்று பேசியதை நினைத்தால் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அதைச் சொல்லவும் தெரியவில்லை. “நீங்க முழுங்கினதுதான் நல்லதாப் போச்சுக்கா,” என்றாள். “அதனாலதான் நம்புனாங்க.”

வெள்ளைக்குத் திருப்பினாள். அண்ணாமலை கத்தினார்: “வண்டி எங்க வாசலத் தாண்டிருச்சு! பறக்குறான் பய!” கிராணியின் முகம் ஒரு வருஷத்தில் முதல் தடவையாகத் தெளிந்தது. அங்கிருந்து ஆறாம் நம்பர் ஒரு மேடு ஏறி இறங்கும் தூரம்தான்.

சிவப்புக்குத் திருப்பினாள். “அக்கா! வண்டி ஏழாம் நம்பரத் தாண்டிருச்சு. கதவத் தெறந்து வைங்க!”

இரைச்சல்.

“அக்கா? சாரதாக்கா?”

இரைச்சல். கிறிஸ்டல் ஆடியிருக்கும், கதவைத் திறக்கப் போயிருப்பாள், கை ஈரமென்று பொத்தான் வழுக்கியிருக்கும். கமலவேணி ஒவ்வொன்றாக நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள். வெளியே மழை விட்டிருந்தது. கோயில் மணி அடித்தது. கால் மறுபடியும் மேசைக் காலைத் தட்ட ஆரம்பித்தது.

பெட்டி பேசியது.

“நல்லையா.”

சாரதாம்பாளின் குரல்தான். அழுகை இல்லை, அவசரமும் இல்லை.

பெரிய கிராணி கையைத் தட்டினார். “அட, சொல்லிட்டாளே! வார்த்தை வந்திருச்சு பாத்தியா? இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா எவ்வளவு நேரம் மிச்சம்! சரின்னு சொல்லு, கமலவேணி, வார்த்தை சரின்னு சொல்லு.”

பொன்னம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “சும்மா இருங்கய்யா,” என்றாள். “அந்தம்மா தாலி போயிருச்சு.”

கிராணி புரியாமல் ஒரு முறை சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லையா,” என்றது பெட்டி. பழக்கமில்லாத வாய் சொல்வதுபோல் மெதுவாக. பிறகு கொஞ்சம் உரக்க: “நல்லையா. நல்லையா.” கமலவேணி பொத்தானை அழுத்தினாள், “அக்கா” என்றாள், மறுபடி அழுத்தினாள். பயனில்லை. அந்தப் பக்கம் பொத்தானை விட்டால்தான் இந்தப் பக்கம் பேசுவது அங்கே கேட்கும். சாரதாம்பாள் விடவில்லை. இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த பேரை அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.